மாதா கோவில் மதிலும் அண்ணையும்

கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தாளில் எழுதிப் படமெடுத்துப் போடுகிறேன்.

வயது வந்தோர் படத் தொழில் செய்த இரண்டு சகோதரர்களின் உண்மைக் கதையை இன்று படமாகப் பார்த்தேன். திரையின் கீழே ஓடிய தமிழ் வரிகளை நானே வாசித்தேன்.

முன்பு எங்கள் ஊர் குருநகரில் அண்ணையும் நானும் வீடியோக் கொட்டகை நடத்தினோம். தவக்காலத்தில் யேசு படம், மற்ற நாட்களில் அந்த மாதிரிப் படம்.

அறிவித்தல்களில் படம் இருக்காது, எழுத்து மட்டும்தான். அப்போது எழுத்துத் தெரியாத நான், யேசு பட அறிவித்தல் என்று நினைத்து மற்றதை மாதா கோவில் மதிலில் ஒட்டிவிட்டேன்.

யார் ஒட்டியது என்று கேட்ட கோவில் பாதிரியாரிடம், "நான்தான் ஒட்டினனான், சுவாமி" என்று அண்ணை பழியை ஏற்றார்.

இன்று கனடாவில் இருக்கும் அண்ணையை அழைத்து, அன்று ஏன் பழியை ஏற்றார் என்று கேட்டேன்.

"உனக்கு வாசிக்கத் தெரியாதெண்டு ஊர் சிரிக்கிறதிலும் பார்க்க, என்னை ஏசுறது பரவாயில்லையடா."

அன்று அண்ணையை ஏசியவர்கள் இனி என்னை ஏசலாம். கீழே எழுதுங்கள், நானே வாசிப்பேன்.