திரைக்கு ஒரு பிடி ஏலக்காய்

போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கிற எனக்கு மானிட்டர் இரண்டு சோலிக்கு வேண்டும். பகலில் காயைப் படமெடுத்து வெளியூர்க்காரர்களுக்கு அனுப்பணும், சாயங்காலம் கார் ரேஸ் விளையாடணும். பழைய திரையில் நல்ல பச்சைக் காய்கூட வெளுத்துப்போய்த்தான் தெரியும். புதுசுக்கு நான் ஒதுக்கியிருந்தது பத்தாயிரம்.

கடைக்காரர் ஹெர்ட்ஸ், இன்ச்சு என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. என் போனில் இருந்த காய்ப் படத்தை எல்லாத் திரையிலும் போடச் சொன்னேன். அதே காய் என் பையிலும் இருந்தது. ஒரு பிடி அள்ளி முதல் திரையோடு ஒட்டிப் பிடித்தேன். படம் மஞ்சளடித்தது. அடுத்ததில் நீலம் தட்டியது. ரேசுக்கு இதுதான் வேகம் என்று அவர் சத்தியம் பண்ணிய திரையில் காய் சாம்பலாகக் கிடந்தது. ஐந்தாவதில்தான் கையும் படமும் ஒரே பச்சை.

"இதையே கட்டிக் குடுங்கண்ணே" என்றேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏலம் நடக்கிற இடத்தில் மாதிரிக் காயைப் பார்த்ததும் கீழே போட்டுவிட்டுத்தான் அடுத்த பிடி அள்ளுவோம். அதே பழக்கத்தில் அவருடைய பளபளப்பான தரை முழுக்க இறைத்துவைத்திருந்தேன். கடையே மணத்தது.

வெட்கத்தோடு பொறுக்கக் குனிந்தேன். ஒரு மணி நேரமாக ஒரு ரூபாய்கூடக் குறைக்காத மனுஷன் வெரசா குறுக்கே வந்தார்.

"அது கெடக்கட்டும்ண்ணே. வெலையில ஐநூறு கொறைச்சுக்கிறேன்."