விமானம் பேசாத ரேடியோ

விமானிகள் பேசுவதைக் கேட்க ஒரு ரேடியோ ஸ்கேனரும் ஆன்டெனாவும் வாங்கலாமென்று இன்று திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போனேன். வேறு வேலை இல்லை எனக்கு.

கடைக்காரர் ஒரு வாக்கிடாக்கியை நீட்டினார். "இதுல எல்லாமே வரும் சார்."

"விமானத்துல பேசறது ஏஎம்ல வரும். இது எஃப்எம் மட்டும்தானே எடுக்கும்?"

"ஏஎம்லாம் பழசு சார். இப்போ யாரு கேக்கறாங்க?"

உலகத்து விமானங்களுக்கெல்லாம் இதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஆன்டெனா கேட்டதும், பழைய டிவி ஆன்டெனா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மெட்ராஸ் பக்கமா திருப்பி வச்சிக்கினு கேளுங்க. ஏர்போர்ட்டு அங்கதான இருக்குது?"

வாக்கிடாக்கியைப் போட்டுக் காட்டச் சொன்னேன். கரகரவென்று இரைச்சல் மட்டும் வந்தது.

"இப்போ மேல பிளேன் எதுவும் போவல சார்."

வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தேன். வெள்ளைக் கோடு இழுத்தபடி ஒரு விமானம் போய்க்கொண்டிருந்தது. அவரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

மனிதர் அசரவே இல்லை. "அது ரொம்ப ஒயரத்துல போவுது. கீழ எறங்கும்போது கேக்கும் பாருங்க."

விவரம் தெரிந்த கடை பக்கத்தில் எங்காவது இருந்தால் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும். திண்டிவனத்தில் விமானம் கீழே இறங்கினால் அதைக் கேட்க ரேடியோ எதற்கு? ஊருக்கே கேட்கும்.