வீட்டுக்கே பூச்சிக்குளிசை

உங்கள் வீட்டில் கடைசியாகப் பூச்சிக்குளிசை போட்டது எப்போது? சொல்ல வெட்கமா? பூச்சிக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது.

போன ஞாயிறு உப்புவெளியில் எங்கள் வீட்டில் குளிசைத் திருவிழா. அக்காவின் நாலு வயது மகளுக்கு வயிற்றில் நூல் மாதிரிச் சின்னப் பூச்சி. நித்திரையிலும் ஒரே சொறி. அம்மாவின் சட்டம் உங்களுக்கும் தெரிந்ததுதான் — ஒருவருக்கு வந்தால் வீடே ஒரே நாளில் மருந்து போட வேண்டும். சட்டம் சரிதான். பார்மசி படித்த நானே சேர்ட்டிபிகேட் தருகிறேன்.

ஆனால் எங்கள் வீட்டில் இன்னொரு சட்டமும் உண்டு. வயிற்றில் பிள்ளை தங்கினால் மூன்று மாதம் முடியும்வரை மூச்சு விடக்கூடாது. கண்ணூறு பட்டுவிடுமாம்! அக்காவுக்கு அப்போது இரண்டாம் மாதம். அத்தானைத் தவிர யாருக்கும் தெரியாது. எனக்கும்தான்.

இரண்டு சட்டமும் ஒரே மேசையில் மோதினால்...?

அத்தான் மூன்று வகை மருந்து வாங்கி வந்திருந்தார். "மூண்டும் பூச்சிக்குத்தானே. எதையாவது போடுங்கோ."

விடுவேனா? கதிரையில் ஏறாத குறையாக லெக்சர் அடித்தேன். மெபெண்டசோலும் அல்பெண்டசோலும் பூச்சியைப் பட்டினி போட்டுக் கொல்லும். பைரன்டெல், குடிக்கிற பாணி மருந்து, அதை முடக்கிப்போடும். பிறகு தானாக வெளியே போகும். இந்தப் பூச்சிக்கு மூன்றும் சரி. ஆனால் முட்டையைக் கொல்லும் என்று மூன்றையுமே நம்ப ஏலாது. அதனால்தான் இரண்டு கிழமை கழித்து இன்னொருமுறை...

"காணும் உன்ர கதை." அம்மா ஆளுக்கொரு மெபெண்டசோலைக் கையில் வைத்தா. "சப்பி விழுங்குங்கோ. ஒருத்தரும் தப்ப ஏலாது."

எல்லோரும் சப்பினோம். அக்கா மட்டும் குளிசையைப் பிடித்தபடி இருந்தா.

"என்னடி பாக்கிறாய்? உனக்கென்ன தனிச் சட்டமோ?"

அக்கா அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தா. "தங்கச்சி, இதில எது முதல் மூண்டு மாசத்துக்குள்ள போடக்கூடாது?"

நான் பாய்ந்து அக்காவின் கையைப் பிடித்தேன்.

"குளிசை ரெண்டும் வேண்டாம். பாணியும் டொக்டரைக் கேக்காமல் வேண்டாம். கீழ வை அக்கா!"

அம்மாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "மூண்டு மாசம் முடிய முன்னம் இத்தினை பேருக்கு முன்னால சொல்லிப்போட்டியே!"

"சொல்லாட்டிச் சப்பியிருக்கோணும் அம்மா. எது பரவாயில்ல?" அக்கா கேட்டா.

அம்மா அத்தான் பக்கம் திரும்பினா. "தம்பி, உங்களுக்கும் தெரியுமோ?"

"தெரியும் மாமி... பூச்சிக்குளிசைக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கெண்டுதான் தெரியாது."

நான் வேலை செய்யும் பார்மசியில் தினமும் பார்க்கிறேன். "விசேஷம் ஏதும் இருக்கா?" என்று கேட்டால், பின்னால் நிற்கும் மாமியாருக்குப் பயந்து, நிலத்தைப் பார்த்து "இல்லை" என்று தலையாட்டும் பெண்களை. வயிற்றுப் பிள்ளையைக் கண்ணூறிலிருந்து காப்பாற்ற எங்களிடம் ஆயிரம் வழி உண்டு. தவறான மருந்திலிருந்து காப்பாற்ற? வாயைத் திறந்து கேட்க வேண்டும். அவ்வளவுதான்... ஆனால் அதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

கேட்டது என் அக்கா. ஆமாம், என் அக்காவேதான்! கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன், விடுங்கள்.

இப்போது அக்கா கர்ப்பிணிகள் கிளினிக்கில். பக்கத்துக் கதிரையில் அம்மா.