இடது கையில் அம்பு இல்லை

அம்பு சார் எங்கள் ஆபீசில் முதலாளிக்கே பயப்படாதவர். மனைவி போன் செய்தால் மட்டும் எழுந்து நின்று பேசுவார். ஓடுகிற வீடியோவில் எது எங்கே நகர்கிறது என்று உடனுக்குடன் கண்டுபிடிக்கும் சிப்பை வடிவமைப்பது அவர் வேலை. அதில் குற்றம் கண்டுபிடித்து அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது என் வேலை.

வீடியோவின் ஒவ்வொரு படத்தையும் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, முந்தைய படத்தில் இருந்த கட்டம் இப்போது எங்கே போயிருக்கிறது என்று தேட வேண்டும். சாப்ட்வேர் ஒவ்வொன்றாகத் தேடி மூச்சு வாங்கும். சிப் பல கட்டங்களை ஒரே நேரத்தில் தேடிவிடும். நகர்ந்த திசையைத் திரையில் பச்சை அம்பாகக் காட்டுவோம். பேச்சுக்குப் பேச்சு "அம்பு எங்கம்மா?" என்று கேட்டே அவருக்கு அந்தப் பெயர்.

ஒவ்வொரு புது சிப்புக்கும் அவரேதான் வராந்தாவில் கேமராவைப் பார்த்து நடந்து வருவார். "நம்ம அழகுக்கு வேற ஆளு எங்க கிடைக்கும்?" என்று சட்டையை வேறு இழுத்துவிட்டுக்கொள்வார்.

இந்த முறை, வடிவம் தொழிற்சாலைக்குப் போகும் முன் கடைசிச் சோதனை. வலது கையில் நீள நீளமான அம்புகள். இடது கையில் உடம்போடு ஒட்டிய குட்டி அம்புகள் மட்டும்.

"சிப்பு ஒரு பக்கம் தேடவே இல்ல பாரு," என்று குதித்தார். "எவன் இதுல கைய வெச்சான்?"

"சார், இடது கைய பாக்கெட்ல விட்டுட்டு நடந்தீங்களா?"

"நான் என்ன மாப்பிள்ளை போட்டோவுக்கா நடந்தேன்? போய் வேலையப் பாரும்மா."

அனுப்புவதை நிறுத்திவிட்டார். ஆபீசே தலைகீழானது. எல்லாரும் தேடித் தேடி அலுத்த பிறகு, நான் வீடியோவைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகப் புரட்டி ஓட்டினேன். கோளாறு சிப்பில் என்றால் அது அதே பக்கத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. அந்தக் கையோடு மறுபக்கம் போய்விட்டது.

அப்படியென்றால் கோளாறு சிப்பில் இல்லை, அந்தக் கையில். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன சிப்புக்கு எடுத்த வீடியோவ இதுல போடு."

போட்டேன். இரண்டு கையிலும் நீளமான அம்புகள்.

"கேமராவ வை. இன்னொரு தரம் நடக்கறேன்."

நடந்தார். நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். வலது கை வீசியது. இடது கை சட்டையோரம் சும்மா தொங்கியது. தினமும் டீ குடிக்க அவர் பக்கத்திலேயே நடந்து போகிறவள் நான். என் கண் எங்கே போயிருந்தது?

"ரெண்டு கையையும் வீசிட்டுத்தானே வந்தேன்?" என்றார்.

இப்போது எடுத்த வீடியோவை அவர் பக்கம் திருப்பி ஓட்டினேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சிப்புல தப்பில்ல," என்றார். "அனுப்பிடச் சொல்லு."

அப்போதுதான் அவர் மனைவி போன் செய்தார். அம்பு சார் எழுந்திருக்கவில்லை.

"சிப்பு நல்லா வந்திருக்கும்மா," என்றார் உட்கார்ந்தபடியே. "சாயங்காலம் டாக்டர்கிட்ட போகணும். நீயும் வா. இல்ல, வேற யாருக்கும் இல்ல. எனக்குத்தான்."