கோர்ட் வராந்தாவில் இன்னோர் உத்தரவு

நாற்பத்தொன்பதாம் வருஷம் நான் மயிலாப்பூரில் ஒரு வக்கீல் வீட்டில் டைப்பிஸ்டாக இருந்தேன். எங்கள் வீடு சாந்தோமில், மாதா கோயிலுக்குப் பின்னால். அப்பா இறந்துவிட்டார். அம்மா, அண்ணன், நான், மூன்று பேர்தான். அண்ணன் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தான். அங்கே தொழிலாளர் சங்கம் ஆரம்பித்தவர்களில் அவனும் ஒருவன். ஈஸ்டர் முடிந்த வாரம் போலீசார் வந்து, விசாரித்துவிட்டு அனுப்புவதாகச் சொல்லி அவனைக் கூட்டிப்போனார்கள். பொது அமைதிச் சட்டத்தில் பிடித்திருப்பதாக அப்புறம் தெரிந்தது. வழக்கு கிடையாது. எத்தனை நாள் உள்ளே என்றும் கிடையாது.

நான் வேலை பார்த்த வக்கீலே அவனுக்காக மனுப் போட்டார். நான் கேட்கக்கூட இல்லை.

அந்தச் சமயத்தில்தான் டில்லியில் அரசியல் சட்டத்தை ஷரத்து ஷரத்தாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். வக்கீல் அதைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதுவார். சாயங்காலம் அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். ஒரு நாள், விசாரணை இல்லாமல் ஒருவரைக் காவலில் வைக்கலாம் என்கிற ஷரத்துக்கு வந்தார். அதை அவர் ஆதரித்தார். ஓர் அரசியல் சட்டம் நிலைக்க வேண்டுமானால், அதைக் கவிழ்க்க நினைப்பவர்களைத் தடுத்துவைக்கும் அதிகாரம் அரசுக்கு இருந்தே ஆக வேண்டும் என்று சொன்னார். என் விரல்கள் நின்றுவிட்டன.

"ஏன் நிறுத்திட்டே?"

"எங்க அண்ணனும் இதுல வருவாரா சார்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "உங்கண்ணா விஷயம் வேற. அவரைத் தப்பாப் பிடிச்சு வெச்சிருக்கா. அதுக்காக அந்த அதிகாரமே கூடாதுன்னு சொல்ல முடியுமோ? ரெண்டு வருஷம்தான் ஆறது சுதந்திரம் வந்து. நாடு நிக்கணுமே."

வேலையை விட்டுவிட்டுப் போகலாம். போனால் அண்ணனுக்காக யார் வாதாடுவார்கள்? கார்பன் வைத்து மூன்று பிரதி அடித்துக் கொடுத்தேன்.

மனு விசாரணைக்கு வந்த அன்று அம்மாவும் நானும் லஸ்ஸில் டிராம் ஏறி ஹைகோர்ட்டுக்குப் போனோம். அண்ணனைக் கொண்டுவந்திருந்தார்கள். சட்டை தோளில் தொங்கியது. அவனிடம் கொடுத்திருந்த காரணத்தில், அமைதியைக் கெடுக்கக்கூடியவன் என்று மட்டும் இருந்தது. எங்கே, எப்போது, என்ன செய்தான் என்று ஒரு வரி இல்லை. வக்கீல் அதையே பிடித்துக்கொண்டு வாதாடினார். இது காரணமே ஆகாது என்று நீதிபதிகள் அவனை விடுவித்தார்கள்.

வராந்தாவுக்கு வந்ததும் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்தடிகூட நடந்திருக்க மாட்டோம். ஒரு போலீஸ்காரர் எதிரே வந்து காகிதம் ஒன்றை நீட்டினார்.

"ஜட்ஜு இப்பதானே வுட்டாரு? உள்ள போய்க் கேளுங்க," என்றாள் அம்மா.

"அது பழைய ஆர்டரும்மா. இது புதுசு." அவர் அம்மாவைப் பார்க்காமலே பேசினார். "நான் இன்னா பண்றது? எனுக்கு எடுத்தாந்து குடுக்கறதுதான் வேலை."

வக்கீல் கவுனைக் கையில் போட்டுக்கொண்டு அந்தப் புதுக் காவல் உத்தரவை இரண்டு தடவை படித்தார். அண்ணன் என்னிடம், "அம்மாவ டிராம்ல உக்கார வெச்சிக் கூட்டினு போ. நிக்க வெக்காதே," என்றான். போலீஸ்காரரோடு போய்விட்டான்.

அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். வக்கீல் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் கட்டுரையை எடு."

"கார்த்தாலயே தபால்ல போட்டுட்டேன் சார். நீங்க போடச் சொன்னீங்க."

ஞாயிற்றுக்கிழமை அது ஓர் எழுத்து மாறாமல் வெளிவந்தது. தான் எழுதியது தவறு என்று அவர் இன்னொன்று எழுதினார். அதையும் நான்தான் அடித்தேன். பத்திரிகையில் அதைப் போடவில்லை.

அடுத்த வாரம் மறுபடியும் மனுப் போட்டோம். கோர்ட் நடையில் எங்களைப் போலவே மகனுக்காக, புருஷனுக்காக வந்த பெண்கள் நின்றிருப்பார்கள். கோர்ட் விடுவித்ததும் திரும்பப் பிடிபட்டவர்களின் வீட்டாரும் அவர்களில் உண்டு. மனு வாங்கும் அதே ஜன்னலுக்குத்தான் திரும்பவும் வந்தார்கள். இந்த அரசியல் சட்டம் இத்தனை வருஷம் எப்படி நிலைத்தது என்று இப்போது யாராவது பேசும்போது எனக்கு அந்த நடைதான் நினைவுக்கு வருகிறது. சட்டத்தின் மேல் எங்களுக்கு நம்பிக்கை இருந்தது என்று சொன்னால் பொய். வேறு போக்கிடம் இல்லை. பிடித்தவர்களும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு காரணத்தை எழுதித்தான் தர வேண்டியிருந்தது. அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நாங்கள் கேட்டோம், தோற்றோம், திரும்பக் கேட்டோம். கேட்பதை நாங்கள் நிறுத்தியிருந்தால் அந்தச் சட்டம் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஜனவரியில் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. தெருவில் கொடி கட்டினார்கள். அண்ணன் உள்ளேதான் இருந்தான்.

அந்த வருஷ மழைக்காலத்தில், எந்த மனுவும் நிலுவையில் இல்லாத ஒரு நாள், அவனாகவே வீட்டு வாசலில் வந்து நின்றான். ஏன் விட்டார்கள் என்று அம்மா கேட்டாள்.

"ஏன் புடிச்சாங்கன்னே முழுசாத் தெரியலம்மா," என்றான்.

அச்சகத்தில் அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. கோடம்பாக்கத்தில் சினிமா நோட்டீஸ் அடிக்கும் இடத்தில் வேலை கிடைத்தது. சங்கம் என்ற பேச்சை அவன் எடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.