சிவப்புக் கரையைப் பார்த்தேன், வாயைப் பார்க்கவில்லை

உடுவிலில் எங்கள் பக்கத்து வளவில் ஒரு ரீச்சர் கொட்டில் போட்டு ரியூசன் நடத்துகிறார். போன மாதம் அங்கே ஒரு பூச்சி என் மகளின் விரலில் குத்திவிட்டது. அவள் அதைப் போத்தலில் அடைத்துக் கொண்டுவந்தாள். வீங்கிய விரலைக் கண்டு பதறிய நான், பூச்சியைப் படமெடுத்து அமெரிக்காவிலிருக்கும் தங்கைக்கு அனுப்பினேன்.

"அக்கா, வயித்தோரம் சிவப்புக் கரை இருக்கல்லோ? உது ரத்தம் குடிக்கிற பூச்சி. இஞ்சை நோய் வருத்தம் பரப்பிறது" என்றாள்.

உடனே பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு, 'ரீச்சரின் கொட்டிலில் உயிர்கொல்லிப் பூச்சி' என்று எழுதினேன். மறுநாள் ஒரு பிள்ளையும் அங்கே போகவில்லை.

வீக்கம் வற்றியதும் மகள் அதே படத்தைப் பெருப்பித்துக் காட்டினாள்.

"கரையை மட்டும் பாத்தாக் காணாது அம்மா, வாயைப் பாருங்கோ. ரத்தம் குடிக்கிறதுக்கு ஊசி மாதிரி மெல்லிசா, நேரா இருக்கும். இது தடிச்சு வளைஞ்சிருக்கு. இது மயிர்க்கொட்டிப் புழுவைக் கொன்று தின்னுற பூச்சி. நான் கையாலை பிடிச்சபடியாத்தான் குத்தினது. ரீச்சர் தொடாதை எண்டு கத்தினவா."

குழுவில் என் பிழையை எழுதினேன். "எதுக்கும் கொஞ்ச நாள் பாப்பம்" என்றே பதில்கள் வந்தன.

மன்னிப்புக் கேட்கப் போனபோது ரீச்சர் உட்கார ஆளில்லாத வாங்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பிள்ளையின்ரை விரல் எப்பிடி?" என்றுதான் முதலில் கேட்டார்.

இப்போது என் மகள் மட்டும் அங்கே போகிறாள். கொட்டில் நிறைந்திருந்த நாட்களில் படிப்பித்த அதே உரத்த குரலில் ரீச்சர் அவள் ஒருத்திக்குப் படிப்பிக்கிறார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.