மரத்தைக் காட்டிக்கொடுக்காத வண்டு

என் தம்பி சைக்கிள் ரிப்பேர் செய்கிறவன். கடை என்றால் சுவரும் கதவும் கிடையாது. அடுக்குமாடிக் குடியிருப்பின் மதிலோரம் ஒரு பெரிய மரம், அதன் நிழல், அவ்வளவுதான். எல்லாரும் காற்றடிக்க வருவதால் தெருவில் அவன் பெயரே காத்து.

ஒருநாள் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். வேர்ப் பக்கம் குனிந்திருந்தான்.

"அக்கா, இங்க பாரேன்! என்னா மீசை!"

கறுப்பு வண்டு. முதுகில் சுண்ணாம்பு தெளித்தமாதிரி வெள்ளைப் புள்ளிகள். மீசை இரண்டும் உடம்பைவிட நீளம்.

"உனக்கு முளைக்காததெல்லாம் அதுக்கு முளைச்சிருக்குடா" என்றேன்.

கையில் எடுத்ததும் கிறீச் கிறீச் என்று சத்தம் போட்டது. பழக்கதோஷம், எண்ணெய் டப்பாவை எடுத்துவிட்டான்.

"டேய், அது செயின் இல்லடா!"

அவன் வாய் சும்மா இருக்குமா? வந்தவர் போனவர்க்கெல்லாம் காட்டினான். குடியிருப்புச் செயலாளரும் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. போன மழையில் பின்பக்க மரம் காரின்மேல் விழுந்து, அந்தப் பயம் அவருக்கு.

"இது மரத்தைக் குடையுற வண்டு. உள்ள அரிச்சிருக்கும். வெட்டிட வேண்டியதுதான்."

"நல்லாத்தானே நிக்குது சார்!" என்றான் தம்பி.

"அந்த மரமும் முந்தின நாள் வரைக்கும் நல்லாத்தான் நின்னுச்சு."

மரம் போனால் அந்த இடத்தில் கார் நிறுத்துவார்கள். தம்பிக்குப் பிழைப்பு போகும்.

"வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்க்கா" என்றான்.

"கடவுள் கண்ணுல காட்டினது நம்மளக் கெடுக்கவா இருக்கும்? விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கேட்போம் வா."



டப்பாவில் ஓட்டை போட்டு, வண்டை அடைத்துக்கொண்டு தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போனோம். அங்கே ஓர் அதிகாரியம்மா. பூதக்கண்ணாடி வைத்துக் காலைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார். தடியான படப் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். என் உதடு ஜெபத்தை விடவில்லை.

"இது லேசில கண்ணுல படாதும்மா. நானே படத்துல பார்த்ததோட சரி."

"அது கிடக்கட்டும் மேடம். மரத்தைத் தின்னுமா?" என்றான் தம்பி.

"உயிரோட இருக்குற மரத்தைத் தொடாது. காய்ஞ்ச பலகைக்குள்ள புழுவா வருஷக்கணக்காக் கிடந்துட்டு வெளிய வரும். பக்கத்துல பழைய பலகை ஏதாவது இருக்கா?"

"இல்லவே இல்ல மேடம்."

நான் அவனைப் பார்த்தேன். "பின்ன நீ தினமும் உட்கார்றது என்னடா?"

அவனுடைய கருவிப் பெட்டி. தொழில் தொடங்கியபோது, வெளிநாட்டு இயந்திரத்தைப் பொதிந்து வந்த பழைய பலகைகளை வாங்கி அவனே அடித்தது. உட்கார்ந்து உட்கார்ந்து மூடி கண்ணாடிமாதிரி வழவழப்பாகியிருந்தது. அதன் அடியில் மாவுமாதிரி தூள் கொட்டிக் கிடக்கும். இவன் தினம் காலையில் அதைப் பெருக்கிவிட்டு, "எப்பப் பாரு உதிர்த்துக்கிட்டே இருக்கு" என்று மரத்தைத் திட்டுவான்!

"உள்ள இன்னும் புழு இருக்கும். அந்தப் பெட்டியை எரிச்சிடணும்" என்றார் அதிகாரியம்மா.

தம்பி விறுவிறுவென்று கடைக்குத் திரும்பினான். வந்ததும் கருவிகளைச் சாக்கில் கொட்டினான். பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய்ச் செயலாளர் வாசலில் கவிழ்த்துத் தட்டினான். அடிப்பலகை முழுக்க வட்ட ஓட்டைகள். தூள் பொலபொலவென்று கொட்டியது.

"குற்றவாளி மரம் இல்ல சார். நான்தான்."

செயலாளர் லேசில் நம்பவில்லை. சாயங்காலம் அதிகாரியம்மாவே வந்து மரத்தைச் சுற்றிச்சுற்றித் தட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னாலேயே செயலாளரும், ஏதோ கேட்டுவிட்டதுபோலத் தலையாட்டிக்கொண்டே தட்டினார்.

"மரம் திடமா இருக்கு. அந்த ஒரு பட்டுப்போன கிளையை மட்டும் எடுத்துடுங்க."

"சரி, நிக்கட்டும்" என்றார் செயலாளர். அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் மனசுக்குள் முழங்கால் போட்டுக் கிடந்தேன்.

அதிகாரியம்மா, எரிப்பதற்காகப் பெட்டியைத் தன் வண்டியில் ஏற்றச் சொன்னார். தம்பி மூடியை ஒருமுறை தடவிவிட்டுக் கொடுத்தான். அவன் முகத்தைப் பார்த்த செயலாளர், "மாடியில ஒரு இரும்புப் பெட்டி சும்மா கிடக்கு, காத்து. எடுத்துக்கறியா?" என்றார்.

"துரு கிரு ஏறினதா சார்?"

நான் அவன் இடுப்பில் கிள்ளினேன். செயலாளர் சிரித்துவிட்டார். தம்பியோ அதற்குள் காத்திருந்த ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, நிழலுக்குள் இழுத்துக்கொண்டிருந்தான்.